தூளே வடிகட்டி

வியட்நாம்காரர்கள் காபி வடிக்கும் ‘ஃபின்’னைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் அடித்தட்டு முழுக்கப் பொடிப்பொடி ஓட்டைகள் தெரியும். தூள் போடாமல் அதில் வெந்நீரை ஊற்றினால் கெட்டிலைக் கீழே வைப்பதற்குள் மொத்தத் தண்ணீரும் இறங்கிவிடும். அதே ஃபின்னில் 20 கிராம் காபித்தூளைப் போட்டு அதே அளவு தண்ணீரை ஊற்றுங்கள். சொட்டுச் சொட்டாக, நான்கைந்து நிமிடம் எடுத்துக்கொண்டுதான் இறங்கும். ஓட்டை மாறவில்லை, தண்ணீரும் மாறவில்லை. பிறகு தண்ணீரைப் பிடித்து நிறுத்துவது யார்?

தூள்தான். ஃபின்னை வடிகட்டி என்கிறோம். உண்மையில் வடிகட்டுவது அதனுள் இருக்கும் காபி. இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் வீட்டில் ஃபின் வாங்கி வைத்துக்கொண்டு படும் பாட்டில் முக்கால்வாசி தீர்ந்துவிடும்.

சாமான் என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. கோப்பையின் வாயில் உட்காரும் அகலமான தட்டு, அதன் மேல் அடியில் ஓட்டை போட்ட சிறு கிண்ணம், தூளின் மேல் வைக்கும் அமுக்குத் தட்டு, மூடி. அலுமினியத்திலோ எவர்சில்வரிலோ செய்கிறார்கள். மின்சாரம் வேண்டாம், காகிதம் வேண்டாம். ஹனோயிலும் ஹோ சி மின் நகரத்திலும் நடைபாதைக் கடைகளில், முழங்கால் உயரப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் முன்னால் கொண்டுவந்து வைப்பதும் இதைத்தான். நம் வீட்டு ஃபில்டரில் பழகியவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. மேல்பாத்திரம் இருக்கிறது, தண்டு வைத்த தட்டு இருக்கிறது. டிகாக்‌ஷன் இறங்கும் அடிப்பாத்திரம்தான் இல்லை. அதன் இடத்தில் குடிக்கப்போகிற டம்ளரே நிற்கிறது.

ஓட்டைகளின் வேலை தூளைத் தாங்குவதோடு சரி. வெந்நீர் பட்டதும் மிக நைசான துகள்கள் கொஞ்சம் ஓட்டை வழியே நழுவிவிடும். கோப்பையின் அடியில் மெல்லிய மண்டி தங்குவது அதனால்தான். அதற்குப் பிறகு பெரிய துகள்கள் ஓட்டையின் வாயில் ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து வளைவாக நின்றுகொள்ளும். அந்த வளைவின் மேல் அடுத்த அடுக்கு, அதன் மேல் இன்னொன்று என்று ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்கு ஒரு படுகை உருவாகிறது. துகள்களுக்கு நடுவே உள்ள சந்துபொந்துகளில் நுழைந்து நெளிந்துதான் தண்ணீர் கீழே வந்தாக வேண்டும்.

இந்தப் பயணத்துக்கான கணக்கை எழுதியவர் காபிக்காக எழுதவில்லை. ஆன்றி டார்சி பிரான்ஸின் திஜோன் நகரத்துப் பொறியாளர். ஊருக்குக் குடிநீர்க் குழாய் கொண்டுவந்தவர். மணல் வழியாகத் தண்ணீர் எவ்வளவு வேகமாக வடியும் என்று தெரிந்துகொள்ள, நெட்டுக்குத்தான இரும்பு உருளையில் மணலை நிரப்பிச் சோதித்து, முடிவை 1856-இல் வெளியிட்டார். மேலே நிற்கும் தண்ணீரின் உயரம் கூடினால் ஓட்டம் கூடும். படுகையின் கனம் கூடினால் ஓட்டம் குறையும். மற்றதெல்லாம் அந்தப் படுகை தண்ணீரை எவ்வளவு தாராளமாக உள்ளே விடுகிறது என்பதைப் பொறுத்தது. நிலத்தடி நீரைக் கணக்கிடுகிறவர்களும் எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்களும் இன்றுவரை இந்த விதியைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். ஃபின்னுக்கும் அதுவே பொருந்துகிறது.

இந்தத் தாராளம் துகளின் அளவைப் பொறுத்தது. அதுவும் நேர்விகிதத்தில் அல்ல, ஏறத்தாழ இருமடி விகிதத்தில். துகளின் குறுக்களவு பாதியானால் ஓட்டம் பாதியாகாது, கால்வாசியாகிவிடும். நம் ஊர்க் காபிக்கடையில் ஃபில்டருக்கென்று அரைத்துத் தரும் நைஸ் தூளை ஃபின்னில் போட்டால் சொட்டு விழாமல் நின்றுபோவதன் ரகசியம் இதுதான். போதாததற்கு அதில் சிக்கரி வேறு இருக்கும். ஈரம் பட்டதும் கெட்டியாகி, மிச்சமிருக்கும் சந்தையும் அடைத்துவிடும். ஃபின் வாங்குகிறவர்கள் சாமானுக்குக் காட்டும் அக்கறையைத் தூளுக்குக் காட்டுவதில்லை என்பது என் குறை. கடைக்காரரிடம் சிக்கரி வேண்டாம், ரவையைவிடக் கொஞ்சம் நைசாகக் கொரகொரவென்று அரைத்துக் கொடுங்கள் என்று கேட்டு வாங்குவது, நூறு ரூபாய் கூடக் கொடுத்து நல்ல ஃபின் வாங்குவதைவிட முக்கியம்.

இன்னொன்றையும் கவனிக்கலாம். முதலில் சுறுசுறுப்பாக விழும் சொட்டு போகப்போகச் சோம்பிவிடும். இதற்கு மூன்று காரணங்கள் கூட்டுச் சேர்கின்றன. கிண்ணத்தில் நீர்மட்டம் இறங்க இறங்க மேலிருந்து தள்ளும் அழுத்தம் குறைகிறது. நைசான துகள்கள் தண்ணீரோடு நகர்ந்துபோய்ப் படுகையின் அடியில் சேர்ந்துகொள்கின்றன. மூன்றாவது எளிதில் கண்ணுக்குப் படாதது: தண்ணீர் ஆறுகிறது. ஆறிய தண்ணீர், சூடான தண்ணீரைவிடக் கெட்டி. 20 டிகிரியில் இருக்கும் பாகுத்தன்மையில் மூன்றில் ஒரு பங்குகூட 90 டிகிரியில் இருக்காது. 95 டிகிரியிலிருந்து 70-க்கு இறங்கினாலே பாகுத்தன்மை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. மெல்லிய உலோகப் பாத்திரம் சூட்டை வேகமாக வெளியே விடும் என்பதால் ஃபின்னில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். மூடி இருப்பது அழகுக்கல்ல. தூள் போடுவதற்கு முன்னால் ஃபின்னையும் டம்ளரையும் கொதிக்கும் தண்ணீரால் ஒருமுறை அலசுவது சாங்கியமும் அல்ல.

இனி அந்த முதல் அரை நிமிடம். தூளைச் சமமாகத் தட்டிவிட்டு, அமுக்குத் தட்டை வைத்து, முதலில் 20 மில்லி தண்ணீர் மட்டும் ஊற்றிப் பாருங்கள். தட்டின் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ்கள் வெடிக்கும். தட்டு இலேசாக மேலெழும்பும். வறுக்கும்போது கொட்டைக்குள் உருவாகி உள்ளேயே சிக்கிக்கொண்ட கரியமிலவாயு வெளியேறும் காட்சி அது. புதிதாக வறுத்த காபியில் கிராமுக்குச் சில மில்லிலிட்டர் வாயு இருக்கும். அரைக்கும்போதே பாதி பறந்துவிடும். மீதி வெந்நீர் பட்டதும் கிளம்பும். அது கிளம்பும்போதே மொத்தத் தண்ணீரையும் ஊற்றிவிட்டால் வாயுக் குமிழ்கள் சந்துகளை அடைத்துக்கொள்ளும். ஓர் இடத்தில் தண்ணீர் பீறிட்டு ஓடும், இன்னோர் இடம் நனையாமலே இருக்கும். அரை நிமிடம் காத்திருந்து வாயுவுக்கு வழிவிட்டபின் மீதி 80 மில்லியை ஊற்றுவது அதற்காகத்தான். குமிழே வராவிட்டால் தூள் பழையது என்று அர்த்தம்.

அதே அரை நிமிடத்தில் தூள் தண்ணீரைக் குடித்து உப்பவும் செய்கிறது. அமுக்குத் தட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்று சும்மா எடையால் உட்காருவது. தூள் உப்பினால் அதுவும் கூடவே எழும். இன்னொன்று கிண்ணத்தின் நடுவில் இருக்கும் திருகாணியில் முடுக்குவது. முடுக்கிய தட்டுக்கும் அடித்தட்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட தூள் உப்புவதற்கு இடமில்லாமல் தன் சந்துகளையே நெரித்துக்கொள்கிறது. சொட்டு நின்றுவிடும். பதறிப்போய் மேலே இன்னும் தண்ணீர் ஊற்றுவார்கள், பிரயோஜனமில்லை. கரண்டிக் காம்பால் திருகாணியை அரைச் சுற்றுத் தளர்த்தினால் போதும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு எடைத் தட்டுதான் நல்லது என்பேன். வேகம் கூடுதலாக இருந்தால் தட்டை முடுக்குவதைவிடத் தூளை ஒரு படி நைசாக்குவதே சரியான வைத்தியம்.

ஊற்றியது 100 மில்லி. டம்ளரில் விழுவது 60 மில்லி அளவுதான். தூள் தன் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். வறுத்த காபியில் தண்ணீரில் கரையக்கூடியது மொத்தமே 30 சதவீதத்துக்குள். அதிலும் தூளின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவு இறங்கினால் ருசி, அதற்கு மேல் உருவினால் கசப்பும் துவர்ப்பும். முதலில் இறங்குவது புளிப்பும் மணமும். நல்ல கசப்பு வகைகள் கொஞ்சம் தாமதித்து வரும். கடைசியில் வெளுத்துப்போய் விழும் சொட்டில் காரமான துவர்ப்பைத் தவிர வேறொன்றும் இருக்காது. நான்கைந்து நிமிடம் என்று சொல்வது இந்த வரிசையை நடுவில் வெட்டுவதற்கான நேரம். பத்து நிமிடம் சொட்டினால் தூள் நைஸ், ஒன்றரை நிமிடத்தில் முடிந்தால் தூள் பெரிது. கிடைக்கும் டிகாக்‌ஷனில் கரைந்திருக்கும் பொருள் சுமார் 5 சதவீதம். காகித வடிகட்டியில் இறக்கும் காபியில் ஒன்றேகால், ஒன்றரை சதவீதம் இருக்கும். எஸ்பிரெசோவில் 8-இலிருந்து 12 வரை போகும். இரண்டுக்கும் நடுவே, அழுத்தம் தரும் இயந்திரம் எதுவுமில்லாமல், புவியீர்ப்பை மட்டும் நம்பி ஃபின் நிற்கிறது.

இவ்வளவு கெட்டியாக எதற்கு? அதற்குக் கொட்டையைப் பார்க்க வேண்டும். வியட்நாமில் விளைவதில் பெரும்பகுதி ரோபஸ்டா இனம். காபியின் இன்னோர் இனமான அரபிகாவைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு காஃபின். சர்க்கரையும் எண்ணெயும் குறைவு. குளோரோஜெனிக் அமிலங்கள் அதிகம். காஃபின் அந்தச் செடிக்குப் பூச்சிமருந்து. ரோபஸ்டாவின் கசப்புக்குக் காஃபின்தான் காரணம் என்று பலரும் நினைக்கிறார்கள். காபியின் கசப்பில் அதன் பங்கு பத்துப் பதினைந்து சதவீதம்தான். குளோரோஜெனிக் அமிலங்கள் வறுபடும்போது முதலில் லாக்டோன்களாகவும், கருக வறுத்தால் ஃபினைலிண்டேன்களாகவும் மாறுகின்றன. நாக்கில் ஒட்டிக்கொண்டு போக மறுக்கும் அந்தக் கசப்பு இவற்றின் வேலை. வியட்நாமில் ரோபஸ்டாவை நன்றாகக் கருக்கித்தான் வறுப்பார்கள். பழைய முறையில் வறுப்பவர்கள் கடைசியில் வெண்ணெயும் சர்க்கரையும் சேர்ப்பதும் உண்டு.

ரோபஸ்டாவை மட்டமான சாதி என்று பேசுவது காபிப் பிரியர்களிடையே ஒரு நாகரிகமாக இருக்கிறது. அரபிகாவின் பெற்றோரில் ஒன்றே ரோபஸ்டாதான். ரோபஸ்டாவும் யூஜெனியாய்டிஸ் என்ற இன்னோர் ஆப்பிரிக்க இனமும் காட்டில் கலந்து பிறந்த ஒட்டுப் பிறவி அரபிகா. ரோபஸ்டாவுக்கு 22 குரோமோசோம், அரபிகாவுக்கு 44. பெற்றவர்களை மட்டம் சொல்லும் பிள்ளை என்று இதை எடுத்துக்கொள்ளலாம்.

ஆசியா முழுக்க ரோபஸ்டா பரவியதற்குப் பின்னால் இலங்கையில் தொடங்கிய ஒரு நாசம் இருக்கிறது. 1869-இல் இலங்கைக் காபி இலைகளின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடி படிவதைக் கவனித்தார்கள். ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்ற பூஞ்சை அது. இலைத்துரு நோய் என்று பெயர். அதற்கு ஈடுகொடுக்கும் சக்தி அரபிகாவிடம் இல்லை. சில பத்தாண்டுகளில் இலங்கையின் காபித் தோட்டங்கள் அழிந்து அந்த மலைகளில் தேயிலை ஏறியது. மலையகத் தமிழர்களின் முன்னோர்கள் மன்னார் வழியாக நடந்துபோய் முதலில் வேலை பார்த்தது தேயிலையில் அல்ல, இந்தக் காபித் தோட்டங்களில்தான். துரு இந்தியாவுக்கும் ஜாவாவுக்கும் தாவியது. அதைத் தாங்கும் செடியைத் தேடியவர்கள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜாவாவில் ரோபஸ்டாவை நட்டார்கள். பிரெஞ்சுக்காரர்களின் இந்தோசீனாவிலும் அது வேர் பிடித்தது.

வியட்நாமில் அது பெருந்தோட்டமாக விரிந்த கதையில் கிழக்கு ஜெர்மனி வருகிறது, யாரும் எதிர்பார்க்காத இடத்தில். 1975-இல் பிரேசிலில் விழுந்த கடும் உறைபனியில் காபிச் செடிகள் கருகின. உலகச் சந்தையில் விலை எகிறியது. அந்நியச் செலாவணி இல்லாத கிழக்கு ஜெர்மனி 1977-இல் காபியோடு பட்டாணி, ரை (rye) தானியம் எல்லாம் கலந்த ஒரு கலவையை மக்களுக்குக் கொடுத்துப் பார்த்தது. ஜனங்கள் கொதித்துப் போனார்கள். பிறகு 1980-இல் சகோதர சோஷலிச நாடான வியட்நாமுடன் ஓர் ஒப்பந்தம்: பணமும் இயந்திரமும் பயிற்சியும் கிழக்கு ஜெர்மனியிலிருந்து, டாக் லாக் மாகாணத்தின் செம்மண் மேட்டில் விளையும் காபி வியட்நாமிலிருந்து. செடி நட்டுப் பலன் பார்க்கச் சில வருடங்கள் ஆகும். பலன் வந்த வேளையில் பெர்லின் சுவர் விழுந்து, வாங்க வேண்டிய நாடே இல்லாமல் போனது. காபியும் தோட்டமும் வியட்நாமிடமே மிஞ்சின. 1986-இல் தொடங்கிய பொருளாதாரச் சீர்திருத்தத்தோடு சிறு விவசாயிகளும் இறங்க, நூற்றாண்டு திரும்பும் சமயத்தில் வியட்நாம் பிரேசிலுக்கு அடுத்த இடத்துக்கு வந்துவிட்டது. ரோபஸ்டாவில் முதலிடம்.

இத்தனை கசப்பையும் சமாளிக்க வருவது டப்பாப் பால். அமெரிக்கரான கெயில் போர்டன் கன்டென்ஸ்டு மில்க்குக்குக் காப்புரிமை வாங்கியது 1856-இல், டார்சியின் புத்தகம் வந்த அதே வருடம். அதற்கு அடுத்த வருடம், 1857-இல், பிரெஞ்சுக் கத்தோலிக்கப் பாதிரிகள் வியட்நாமுக்குக் காபிச் செடியைக் கொண்டுவந்தார்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று தெரியாமல் நடந்தவை. அந்தக் காலத்தில் வியட்நாமில் பால் கறந்து காய்ச்சிக் குடிக்கும் பழக்கம் இருக்கவில்லை. வெயிலில் பால் நிற்கவும் நிற்காது. டப்பாப் பாலில் கிட்டத்தட்ட 45 சதவீதம் சர்க்கரை. அது கிருமிகளின் உடம்பிலிருக்கும் தண்ணீரையே இழுத்துவிடும். திறந்த டப்பாகூடச் சில நாள் தாங்கும். தண்ணீரைவிட 1.3 மடங்கு அடர்த்தி என்பதால் டம்ளரின் அடியில் வெள்ளையாக உட்கார, மேலே கறுப்புக் காபி கலக்காமல் நிற்கும். இனிப்பு கசப்பை மறைக்கிறது என்பது பாதி உண்மை. பாலின் கேசின் புரதம் துவர்ப்பு தரும் பாலிஃபினால்களைப் பிடித்துக் கட்டிப்போடுகிறது என்பது மீதிப் பாதி. சர்க்கரை போட்ட கறுப்புக் காபி இந்த அளவு மென்மையாக இல்லாததற்கு அதுதான் காரணம். 20 கிராம் தூளுக்கு இரண்டு மேசைக்கரண்டி டப்பாப் பால் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் வாய்க்கு ஏற்றபடி.

அடுத்தது ஐஸ். இங்கேதான் அந்த 5 சதவீதக் கெட்டிக்குப் பலன் தெரிகிறது. டம்ளரில் இருப்பது 60 கிராம் காபி, சூடு சுமார் 60 டிகிரி என்று கொள்வோம். அது பூஜ்யத்துக்கு இறங்க 15,000 ஜூல் வெப்பத்தை விட வேண்டும். ஒரு கிராம் ஐஸ் உருக 334 ஜூல் போதும். ஆக 45 கிராம் ஐஸ் உருகிவிடும். பாலைக் குளிர்விக்க இன்னும் கொஞ்சம். 50 கிராம் தண்ணீர் தானாகவே காபியில் சேர்ந்துவிடுகிறது. சாதாரண ஃபில்டர் பேப்பர் காபியாக இருந்தால் கழுநீர்தான் மிஞ்சும். ஃபின் காபியோ ஐஸ் உருகிக் கலந்த பின்னும் இரண்டரை சதவீதத்துக்கு மேல் நிற்கிறது. சூடாகக் குடிக்கும் காகிதக் காபியைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஐஸைச் சின்னச் சின்னதாக உடைத்துப் போட்டாலும் பெரிய கட்டியாகப் போட்டாலும் குளிர்விக்க உருகும் அளவு அதேதான். கட்டி பெரிதாக இருந்தால் குளிர்ந்த பிறகு தொடர்ந்து உருகுவது மட்டும் மெதுவாக நடக்கும்.

கெட்டிக்கு ஒரு விலை உண்டு. 20 கிராம் ரோபஸ்டாவிலிருந்து 300 மில்லிகிராமுக்கு மேல் காஃபின் இறங்கக்கூடும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வரை பாதகமில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் சொன்னது. அதாவது ஒரு ஃபின் சரி, இரண்டாவதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். உலோக வடிகட்டி கஃபெஸ்டால் என்ற எண்ணெய்ப் பொருளையும் காகிதத்தைப் போலத் தடுக்காமல் விட்டுவிடும். கெட்ட கொழுப்பைக் கூட்டும் குணம் அதற்கு உண்டு. நம் பித்தளை ஃபில்டருக்கும் இதே பேச்சு பொருந்தும் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

வியட்நாமில் பாலுக்குத் தட்டுப்பாடு வந்த நாளும் உண்டு. 1946-இல் ஹனோயில் நுயென் வான் ஜாங் என்ற ஹோட்டல் பணியாளர் முட்டை மஞ்சள்கருவை இனிப்போடு நுரைக்க அடித்துக் காபியின் மேல் போட்டார். மஞ்சள்கருவின் லெசித்தின் கொழுப்பையும் தண்ணீரையும் பிணைத்து அந்த நுரையைத் தாங்கிப் பிடிக்கிறது. அவர் பெயரிலுள்ள கடை இன்றும் நடக்கிறது. ஹுவே நகரத்தில் 2010-இல் கிளம்பிய உப்புக் காபி இதற்கும் ஒரு படி மேலே. சோடியம் அயனிகள் நாக்கில் கசப்பு உணரப்படுவதையே அமுக்குகின்றன. கசப்பு அடங்கியதும் அதுவரை பின்னால் ஒளிந்திருந்த இனிப்பு தலைகாட்டும். வீட்டில் செய்து பார்க்க ஆசைப்பட்டால் உப்பைக் காபியில் போடாமல், அடித்த கிரீமில் ஒரு சிட்டிகை சேர்த்து, ஃபின்னை எடுத்த பிறகு மேலே ஊற்றுங்கள். டப்பாப் பாலை வழக்கமாகப் போடுவதில் முக்கால் பங்கு போட்டால் போதும். இனிப்பு தன்னால் கூடித் தெரியும்.